ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த முன்தீர்ப்பு

“மே 1964. கோப்பை நமக்கே. பேர் மாறினாலும் ஆள் மாறவில்லை.”

என்னிடம் உள்ள ஒரு புகைப்படத்தின் பின்புறம் ஊதா மையில் இப்படி எழுதியிருக்கிறது. கையெழுத்து என் சின்னத்தாவுடையது. அவர் என் தகப்பனாரின், அதாவது அத்தாவின், கடைசித் தம்பி. படத்தில் பதினோரு பேர் நிற்கிறார்கள். நான்கு பேர் காலில்தான் பூட்ஸ் இருக்கிறது. தோல் பதனிட்டுக் கப்பல் ஏற்றிய ஊரில் மற்ற ஏழு பேர் வெறுங்காலோடு நிற்பது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

தேதி போடாத படத்தை நான் நம்புவதில்லை. இதில் தேதி இருக்கிறது. மீதியை நானே சொல்ல முடியும், ஏனென்றால் அந்தக் கோப்பை கைக்கு வந்த காலையில் நான் அங்கே இருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல்ஷாப்பின் பின்புறம், பதனிட்ட தோல்களைக் காயப்போடும் பொட்டல்தான் சின்னத்தாவின் கால்பந்துக் குழுவுக்கு மைதானம். தோல்களை எடுத்த பிறகு மாலையில் அங்கே பந்து உருளும். குழுவுக்குப் பழைய முதலாளியுடைய தகப்பனாரின் பெயர். அந்தப் பெயரில் 1962இலும் 1963இலும் ஊரின் கோடைச் சுழற்கோப்பையை வென்றார்கள். 1964 தொடக்கத்தில் தோல்ஷாப் கைமாறியது. புது முதலாளி தன் மகன் பெயரைக் குழுவுக்கு வைத்தார். மகனுக்கு அப்போது இரண்டு வயது. பந்தைக் கண்டால் அழுவான்.

தொடர்ந்து மூன்று ஆண்டு வெல்லும் குழு கோப்பையைச் சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. புது முதலாளி சின்னத்தாவைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: “கப்பு என் மேசைக்கு நிரந்தரமா வந்துச்சுன்னா பொட்டல் உங்களுக்கு. வரலைன்னா அங்க ஷெட்டு போட்டுருவேன்.”

இறுதி ஆட்டம் நூற்பாலைக் குழுவோடு. சாணார்பட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஆடும் ஒரு அண்ணன் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோல் போட்டார். எங்கள் பக்கம் துண்டுகள் மேலே பறந்தன. அவை கீழே இறங்குவதற்குள் மில் குழுவின் மேனேஜர் போட்டி நடத்தும் கமிட்டியின் மேசைக்குப் போய்விட்டார்.

“இந்த வருசத்துக்குக் கப்பைக் குடுங்க, வேண்டாங்கல. சொந்தமாக் குடுக்க முடியாது. முந்தி ரெண்டு தடவை ஜெயிச்சது வேற டீமு. அது செத்துப்போச்சு. இது இப்பத்தான் பேரு வச்ச பிள்ளை.”

“அதே பயலுகதான இவங்க,” என்றார் சின்னத்தா. “மூஞ்சியப் பாருங்க.”

“மூஞ்சி ரிஜிஸ்டர்ல இல்லப்பு. பேருதான் இருக்கு.”

கமிட்டித் தலைவர் ஒரு வக்கீல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு சின்னத்தாவைப் பார்த்து, “இதுக்கு முன்தீர்ப்பு ஏதாச்சும் இருக்கா?” என்றார். மில் பக்கத்தில் சிரித்தார்கள். “இருந்தா ஞாயித்துக்கிழமை காலையில கொண்டுவாங்க. அதுவரைக்கும் கப்பு எங்கிட்ட இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்த சின்னத்தா சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமல் அத்தாவிடம் கேட்டார்.

“முன்தீர்ப்புன்னா என்னண்ணே?”

“இதே மாதிரி வழக்கு முன்னாடி எங்கயாச்சும் நடந்து தீர்ப்பாகியிருந்தா, அதைக் காட்டுறது.”

“எங்கயாச்சும்னா?”

“எங்கயாச்சும்தான். மொதல்ல சாப்பிடு.”

சின்னத்தா திரும்பி என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால், என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

அந்தப் புத்தகம் வந்த கதை இது. 1963 கடைசியில், தோலின் உட்புறச் சதையைச் சீவும் இயந்திரம் ஒன்று செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தோல்ஷாப்புக்கு வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஓர் ஆளும் வந்தார். ஊர் அவரை மிஷின் துரை என்றது. யாராவது அவரைச் ‘செக்’ என்றால் நெஞ்சில் தட்டிக் காட்டி, ‘ஸ்லோவாக்’ என்று திருத்துவார். மாலையில் பொட்டலில் கோல் காப்பார். அவருடைய ஊரிலும் தோல் தொழிலாளிகள் தொடங்கிய ஒரு கால்பந்துக் கழகம் இருந்ததாம். சின்னத்தாவின் இங்கிலீஷ் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது, துரையுடையது அதற்கும் முன்னாலேயே நின்றிருந்தது. இருவரும் கையாலும் காலாலும் நிறையப் பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் புறப்பட்டபோது துரை அந்தக் கழகத்தின் வரலாற்றைச் சொல்லும் சின்னப் புத்தகத்தைச் சின்னத்தாவிடம் கொடுத்தார். சின்னத்தா அதை எனக்குக் கொடுத்துவிட்டார். நான் காக்கி அட்டை போட்டு வைத்திருந்தேன். எங்கள் யாராலும் அதில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன படம், எந்த வரியில் எந்த ஆண்டு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

“புத்தகத்தக் குடும்மா,” என்றார் சின்னத்தா ஞாயிற்றுக்கிழமை.

“நானும் வருவேன்.”

“அது ஆம்பளைங்க பேசுற இடம்.”

“அப்ப புத்தகமும் வராது.”

பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் கமிட்டி கூடியது. சின்னத்தா எழுந்து, புத்தகத்தைப் பிரித்து, வரி வரியாக விரலை ஓட்டி வாசித்தார். தமிழில்தான் வாசித்தார். ஹங்கேரிக்காரர்கள் ஆண்ட காலத்தில் தோல் தொழிலாளிகள் அந்தக் கழகத்தைத் தொடங்கினார்கள். அப்போது ஹங்கேரிய மொழியில் ஒரு பெயர். அவர்கள் போன பிறகு சொந்த மொழியில் ஒரு பெயர். பிறகு ஆலையின் பெயர். யுத்தம் முடிந்து புது அரசாங்கம் வந்ததும் ஊரிலிருந்த கழகங்களையெல்லாம் ஒன்றாக்கி ஒரு பெயர். சில ஆண்டுகளில் தொழில்வாரியாகப் பிரித்து, தீப்பொறி என்று இன்னொரு பெயர். மொழிபெயர்க்கச் சிரமப்படுகிறவர் போல அங்கங்கே நிறுத்தினார். நடுநடுவே ஸ்லோவாக் சொல் ஒன்றிரண்டு வந்து விழுந்தது. துரையிடம் கற்ற மொத்தமும் அன்று செலவாகிவிட்டது.

“இம்புட்டுப் பேரு மாத்தியும் கழகம் ஒண்ணுதான்யா,” என்று முடித்தார். “கழகத்துச் சின்னத்துல பாருங்க. மொதல்ல தொடங்குன வருசத்தத்தான் இன்னைக்கும் போட்டுக்கிறாங்க.”

“அது அந்த ஊரு,” என்றார் மில் மேனேஜர். “இது திண்டுக்கல்லு.”

“லண்டன் தீர்ப்பை நாங்க மெட்ராஸ்ல சொல்றோம்,” என்றார் வக்கீல். “ஸ்லோவாக்கியா தீர்ப்பை திண்டுக்கல்ல சொன்னா என்ன?”

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. சின்னத்தா விரல் வைத்து வாசித்தது கடைசிப் பக்கம். அதில் ஒரு ஜோடி பூட்ஸ் படமும் கீழே நாலு வரியும்தான் உண்டு. அவ்வளவு வரலாறும் அங்கே இருக்க வழியில்லை. அவர் அறியாமல் பக்கம் மாறிவிட்டது, உதவி செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

“சின்னத்தா, அது பூட்ஸ் விளம்பரம்ல. வரலாறு முன்னாடி இருக்கு.”

சின்னத்தாவின் விரல் பூட்ஸின் மேலேயே இருந்தது.

“இங்க குடுங்க, பாப்போம்,” என்று மில் மேனேஜர் கையை நீட்டினார். அதற்குள் வக்கீலின் கை புத்தகத்தின் மேல் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, பூட்ஸைப் பத்திச் சொல்லாம பந்து விளையாட்டு வரலாறு எப்படி எழுதுவாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். வக்கீல் புத்தகத்தை மூடித் தன் காகிதக் கட்டுக்குள் செருகிக்கொண்டார். பெயர் மாறினாலும் குழு அதுவே என்று எழுதச் சொல்லிவிட்டு, “இது இனிமே கமிட்டி ஆவணம். யாருக்கும் தர்றதுக்கில்ல,” என்றார்.

“அது என் புத்தகம்,” என்றேன்.

“கப்பு உங்க சின்னத்தாவுக்கு, புத்தகம் கமிட்டிக்கு. சரிதான?”

சரியில்லை. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். சின்னத்தா ஒரு கையில் கோப்பையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்று வீட்டில் நான் இரண்டு செய்திகளை உறுதியாக அறிவித்தேன். ஒன்று, வக்கீலுக்கு விளம்பரத்தைக் கண்டால் விளம்பரம் என்று தெரியாது. இரண்டு, அவர் திருடர். இரண்டையும் பல ஆண்டுகள் நம்பினேன். தெருவில் அவர் எதிரே வந்தால் சலாம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் விடாமல், “என்ன பூட்ஸம்மா, சௌக்கியமா?” என்று கேட்டுக்கொண்டே போவார்.

அந்தப் புத்தகம் அன்று மில் மேனேஜர் கைக்குப் போயிருந்தால் பொட்டலில் ஷெட் எழுந்திருக்கும். மைதானத்தில் வக்கீல் முன்தீர்ப்பு கேட்டதுகூடச் சின்னத்தாவை மடக்குவதற்காக அல்ல. கமிட்டி நோட்டில் எழுத ஒரு காரணம் அவருக்கும் வேண்டியிருந்தது. எந்தக் காரணமானாலும் போதும் என்று ஞாயிறு வரை இடம் விட்டிருந்தார். இது எனக்கு விளங்கியபோது சலாம் வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

பொட்டலில் அதன் பிறகும் பந்து உருண்டது. குழு இன்னும் இரண்டு முறை பெயர் மாறியது. யாரும் முன்தீர்ப்பு கேட்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது. கமிட்டி கலைந்தபோது அதன் தாள்களோடு என் புத்தகமும் போயிற்று. முதல் பக்கத்துச் சின்னத்தில் இருந்த ஆண்டு 1912 என்பது என் நினைவு. சின்னத்தா கடைசி வரை 1921 என்றார். சொல்லும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வார். ஸ்லோவாக்கியாவில் ஹங்கேரிய ஆட்சி 1918இல் முடிந்தது. ஆகவே அவர் சொன்ன ஆண்டு சரியென்றால், அன்று அவர் வாசித்த முதல் பெயர் அந்தக் கழகத்துக்கு இருந்திருக்கவே முடியாது. பூட்ஸ் படத்தைப் பார்த்து அவரே வைத்த பெயர் அது என்றாகும். நான் 1912இன் பக்கம்தான். ஆனால் அது எந்த ஊர்க் கழகம், எந்த ஆண்டு தொடங்கியது என்பதை இதை எழுதும் நாள் வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.