இடக்கை மோதிரம்

வார்சாவில் இருந்து வந்த செய்தியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. “அவனுடைய மனைவி எப்போது செத்துப்போனாள்?”

அனுப்பியவர் எங்கள் படத்தொகுப்பாளர். சிட்னியில் நாங்கள் எடுத்து அனுப்பும் காட்சிகளை அங்கே தன் மேசையில் இருந்து பார்ப்பவர். மெரிலேண்ட்ஸில் படப்பிடிப்புக்காக வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவில், காலை ஏழரை மணிக்கு எல்லாரும் முட்டையும் பாணும் தின்றுகொண்டு நின்றபோது, இயக்குநர் அம்மையார் அந்த வரியைத் தன் தொலைபேசியில் இருந்து உரக்க வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். எங்கள் கதையில் யாரும் சாகவில்லை. போலந்துக்காரன் ஒருவன் வேலைக்காகச் சிட்னிக்கு வருகிறான். ஊரில் மனைவியை வைத்துக்கொண்டு இங்கே ஒருத்தியைக் காதலிக்கிறான். அந்த மனைவி உயிரோடு இருப்பதுதான் கதையே. அவள் இல்லையென்றால் படம் முதல் இருபது நிமிடத்தில் சுபமாக முடிந்துவிடும்.

இரண்டாவதாக ஒரு படம் வந்தது. கதாநாயகனின் இடக்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் இயக்குநரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கையில் இருந்த கோப்பையைப் புல்லில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

போலந்தில் கலியாண மோதிரத்தை வலக்கையில் போடுவார்கள். துணை இறந்துபோனால் அதைக் கழற்றி இடக்கைக்கு மாற்றுவார்கள். அந்த நாட்டில் தியேட்டருக்கு வருகிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியாது. மூன்று நாட்களாக எங்கள் கதாநாயகன் இடக்கை மோதிரத்தோடு பாத்திரம் கழுவினான், பஸ்ஸுக்குக் காத்து நின்றான், காதலியின் கன்னத்தைத் தொட்டான். மூன்று நாட்களாக அவன் பெண்சாதியைப் பறிகொடுத்தவனாக நடமாடியிருக்கிறான்.

மோதிரத்தைக் கை மாற்றச் சொன்னது நான்.

படப்பிடிப்பில் என் வேலை கன்டினியூட்டி. ஒரு காட்சியில் பாதியைத் திங்கட்கிழமையும் மீதியை அடுத்த வியாழனும் எடுப்பார்கள். திங்களன்று கோப்பையில் எவ்வளவு தேத்தண்ணி இருந்தது, தலைமயிர் எந்தக் காதுக்குப் பின்னால் கிடந்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, எழுதி வைப்பவள் நான். இந்தக் கண் எனக்குப் பிறவியிலேயே உண்டு. கொண்டாட்ட வீடுகளில் யார் போன வருடச் சேலையைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அதனால் சொந்தக்காரர்கள் என்னைக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார வைப்பார்கள்.

போலந்தில் இருந்து வந்தவர்கள் மூன்றே பேர். இயக்குநர், கதாநாயகன், உதவி இயக்குநர். மற்றவர்கள் எல்லாம் சிட்னியில் அமர்த்தியவர்கள். இயக்குநரும் கதாநாயகனும் ஊரிலேயே ஏதோ காட்சிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு, நேருக்கு நேர் பேசாமல்தான் விமானம் ஏறியிருக்கிறார்கள். இவர் சொல்வதை உதவி இயக்குநர் கொண்டுபோய் அவரிடம் சொல்வான், அவர் முணுமுணுப்பதைக் கொண்டுவந்து இவரிடம் சொல்வான். அந்த ஓட்டத்தில் அவனுக்கு மணிக்கூட்டைத் தவிர எதையும் பார்க்க நேரமில்லை. இயக்குநரோ திரையில் முகத்தைத் தவிர எதையும் பார்க்கமாட்டார். கையைப் பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

போலந்தில் முன்பே எடுத்த காட்சிகளின் குறிப்புகள் போலிஷ் மொழியில் வந்தன. கூடவே புகைப்படங்களும் வந்தன. எல்லாவற்றிலும் மோதிரம் வலக்கையில் இருந்தது. அவை செல்பிகள் என்று எடுத்துக்கொண்டேன். செல்பி எடுத்தால் இடம் வலமாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கலியாண மோதிரம் இடக்கையில்தான் என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டி ஒரு முடிவுக்கு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது என் பழக்கத்தில் இல்லை. மற்றவர்கள்தான் என்னிடம் கேட்பார்கள்.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். நடிகர்கள் கையில் எடுக்கும் பொருட்கள் எல்லாம் அவளுடைய பொறுப்பு. கோயம்புத்தூர்க்காரி, முப்பத்தாறு வயது, சென்னையில் சில படங்களில் ஆர்ட் டிபார்ட்மென்டில் வேலை செய்துவிட்டு இங்கே படிக்க வந்தவள். காலையில் ஒரு தட்டத்தில் மோதிரம், கைக்கடிகாரம், பணப்பை எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வேலை முடிய எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வைப்பாள். அந்தப் படப்பிடிப்பில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள். என் இடியப்பத்தில் பாதியை அவள் தின்பாள், அவளுடைய புளிசாதத்தில் பாதியை நான் தின்பேன்.

“அக்கா, போட்டோ எல்லாத்துலயும் வலது கையிலதானே இருக்கு?” என்று முதல் நாளே கேட்டாள்.

“அது செல்பி. மாறித்தான் தெரியும். கலியாண மோதிரத்தை வலக்கையில ஆர் போடுறது? இடக்கையில போடச் சொல்லுங்கோ.”

“டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமா?”

“நான் சொல்லுறன்தானே,” என்றேன்.

அவள் போய்ச் சொன்னாள். கதாநாயகனும் மறுபேச்சில்லாமல் இடக்கையில் போட்டுக்கொண்டார். நான் என் குறிப்பில் ‘மோதிரம்: இடக்கை’ என்று எழுதினேன். யார் மாற்றச் சொன்னது என்று எழுதவில்லை.

வார்சாவில் இருந்து செய்தி வந்த அன்று காலை, பல வாரங்களுக்குப் பிறகு இயக்குநர் கதாநாயகனோடு நேராகப் பேசினார். எங்கள் எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்றே ஆங்கிலத்தில் பேசினார். “எந்தக் கை என்று உனக்குத் தெரியாதா? ஏன் கேட்கவில்லை?”

“நீ என் மனைவியைக் கொன்றுவிட்டாய் என்று நினைத்தேன்,” என்றார் அவர். “திரைக்கதையை நீ மாற்றுவது புதிதா?” பிறகு குரலைத் தணித்து, “எனக்கு அது பிடித்திருந்தது,” என்றார்.

அந்த மூன்று நாளும் அவருடைய நடிப்பில் ஒரு லேசு இருந்தது. இயக்குநர் ஒவ்வொரு டேக்குக்கும் பின்னால் கையைத் தட்டினார். மனதில் குற்றம் இல்லாத மனிதனை அவர் நடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. எடுத்ததில் எதையும் பாவிக்க முடியாது. எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவேண்டும்.

எட்டு மணிக்குத் தயாரிப்பு மேலாளர் என்னைப் பக்கத்து ஒழுங்கைக்குக் கூப்பிட்டார். இங்கத்தைய ஆள், குரலை உயர்த்தாதவர். அதனாலேயே எல்லாருக்கும் அவரில் பயம். வார்சாவில் இருக்கும் தயாரிப்பாளர்கள் யாருடைய தவறு என்று கேட்கிறார்கள் என்றார். “உன் குறிப்பில் என்ன இருக்கிறது?”

டேப்லட்டைத் திறந்து காட்டினேன். “கையில் என்ன இருந்ததோ அதைத்தான் நான் எழுதுவேன்,” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மோதிரம் யாருடைய தட்டத்தில் வருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம்தான், வேறென்ன. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வருடமாகச் சவர்க்கார விளம்பரத்துக்கும் சமையல் நிகழ்ச்சிக்கும் நுரையையும் கறிச்சட்டியையும் குறிப்பெடுத்துவிட்டு, முதல் முறையாக ஒரு வெளிநாட்டுப் படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கண் பிழைத்த கன்டினியூட்டிக்காரியை இந்த ஊரில் யாரும் இரண்டாம் முறை கூப்பிடமாட்டார்கள். ஆனால் அவளுக்குப் போவது என்னவென்று எனக்குத் தெரியாதா? அவளுக்கு விசா ஸ்பொன்சர் செய்தது அந்த மேலாளரின் நிறுவனம். அவளுடைய கணவனும் ஏழு வயது மகளும் அந்த விசாவில்தான் இங்கே இருந்தார்கள். அவளை வேலையால் நிறுத்தினால் மூன்று பேரின் கால் வைக்கும் நிலமும் போய்விடும். இதை அவள்தான், புளிசாதத்தைப் பிசைந்துகொண்டே, எனக்குச் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதிருந்தாலும் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

“மேனேஜர் மூணு மணி வேன்ல கிளம்பச் சொல்லிட்டாருக்கா. கம்பெனியிலயும் இனிமே வேணாமாம். நீங்கதான் மாத்தச் சொன்னீங்கன்னு நான் சொல்லல. நீங்களே சொல்றதுதான் மரியாதைன்னு விட்டுட்டேன். சொல்லிடுவீங்கல்ல?”

“ஓம். நான் கதைக்கிறன்.”

“மூணுக்கு முன்னாடி சொல்லிடுங்கக்கா.”

“ஓம், ஓம்.”

போய்விட்டாள். நான் மேலாளரிடம் போகாமல் காருக்குள் ஏறியிருந்து வெஸ்ட்மீட்டில் வேலையில் இருந்த என் மனுசனுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “நீர் ஏன் போய்த் தலையைக் குடுக்கிறீர்? பேசாமல் இரும். அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கிடைக்கும்,” என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. நான் கேட்க விரும்பியதைச் சொல்லக்கூடிய ஆளாகப் பார்த்துத்தானே எடுத்தேன்.

இரண்டு மணிக்குச் சமையலறைக் காட்சியைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே அவள் தன் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றைப் பொறுப்பேற்கும் ஆளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எந்தக் கடிகாரம் எந்தக் காட்சிக்கு, எந்தக் கோப்பையின் விளிம்பு உடைந்தது என்று. அவளை விரட்டுகிறார்கள், அவள் வேலையை ஒழுங்காக ஒப்படைக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இரண்டு தட்டை உடைத்துவிட்டுப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

கதாநாயகன் வலக்கையில் மோதிரத்தோடு பாத்திரம் கழுவினார். காதலியாக நடித்த பெண் பின்னால் வந்து தோளில் நாடியை வைத்தாள். மூன்று நாளுக்கு முன்னால் இதே இடத்தில் சிரித்த மனிதர் இப்போது விறைத்துப்போய் நின்றார். முதல் டேக் சரிவரவில்லை. இரண்டாவதும் இல்லை. மணி இரண்டே முக்கால். மூன்றாவது டேக்குக்கு முன்னால் இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்து, “எந்தக் கை?” என்றார்.

“வலக்கை.”

அவர் என் தோளைத் தட்டினார். “நல்ல வேளை, உன்னையாவது நம்பலாம்.”

சுற்றி நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. என் காது சுட்டது. வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் ‘ரோலிங்’ சொல்லிவிட்டார்கள். அப்போதுகூட நான் டேக்கைக் குழப்பவில்லை. கையைப் பார்த்தேன், நேரத்தை எழுதினேன், ‘கட்’ சொல்லும்வரை காத்து நின்றேன். பிறகு முன்னால் வந்து, அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி, “மோதிரத்தை மாற்றச் சொன்னது நான். அவள் உங்களிடம் கேட்கலாம் என்றுதான் சொன்னாள்,” என்றேன்.

கதாநாயகன் கையில் இருந்த தட்டைத் தொட்டிக்குள் மெதுவாக வைத்தார். மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் படத்தோடு என் கணக்கு முடிந்தது என்று எழுதியிருந்தது. இடையில் வேறு ஆள் தேட முடியாததால் மட்டும் என்னைப் படம் முடியும்வரை வைத்திருந்தார்கள். இயக்குநர் மட்டும், “போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. நீயே போ,” என்றார்.

வேன் வீட்டு வாசலில் நின்றது. அவள் உள்ளே பெல்ட் போட்டுக்கொண்டு, வெற்றுத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கதவைத் திறந்தேன்.

“சொல்லிப்போட்டன். இறங்குங்கோ. உங்களை வரச் சொல்லுகினம்.”

அவள் உடனே இறங்கவில்லை. “காலையிலயே மேனேஜர் உங்களைக் கேட்டாராமே?”

“ஓம்.”

“எட்டு மணிக்கு.”

“ஓம்.”

“மத்தியானம் நான் வந்து கேட்டப்போ, அவர் ஏற்கனவே உங்களைக் கேட்டாச்சு.”

அதற்கும் ஓம்தான். தலையை ஆட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்று நினைவில்லை. மற்றவர்களின் ஒவ்வொரு அசைவும் நினைவிருக்கிறது, என் வாயில் வந்தது மட்டும் இல்லை. அவள் பெல்ட்டைக் கழற்றி, தட்டத்தை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். மேலாளர் அவளிடம் வருத்தம் தெரிவித்தார் என்றும், விசா பழையபடி இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார் என்றும் பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை தட்டத்தோடு வந்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. நான் வழக்கம்போல, “இண்டைக்கு நீலக் கோப்பை. பிடி கமெரா பக்கம் இருக்கவேணும்,” என்றேன்.

அவள் சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

“எழுதிக் குடுங்கக்கா,” என்றாள். “கீழ கையெழுத்தும் போட்டுடுங்க.”

மீதி ஒன்பது நாளும், கோப்பைக்கும் குடைக்கும் செருப்புக்கும், எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன்.