எங்கள் வேனில் சீட் பிடிக்கும் முறை

"ஆன்ட்டி, அவ தலை எண்ணெய் என் பேக்ல ஒட்டிடுச்சு. அவளை இறக்கி விடுங்க, இல்லன்னா நான் இறங்கிடறேன்!"

ஓடுகிற வேனில், காலை ஏழு மணிக்கு, எட்டாம் வகுப்பு நிவேதா என்னிடம் வைத்த புகார் இது. பள்ளி வேனில் பிள்ளைகளோடு துணைக்குப் போகும் வேலைக்குப் பொறுமை ஒன்றுதான் தகுதி. அது என்னிடம் கிடையாது. படூரில் எங்கள் குடியிருப்பின் மற்ற அம்மாக்களுக்கெல்லாம் ஐ.டி. வேலை. முறை வைத்துப் போகலாம் என்று ஆரம்பித்து, "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் எதையாவது சுமந்துகொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணெய்த் தலைக்காரியின் பெயர் வள்ளி, ஏழாம் வகுப்பு. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த வருடம்தான் கேளம்பாக்கத்துக்குக் குடிவந்த குடும்பம். அப்பா 'குட்டி யானை' மினி லாரி வைத்து லோடு அடிக்கிறார். நான் படித்த கான்வென்ட்டில் எண்ணெய் வைக்காமல் போனால்தான் வெளியே நிற்க வைப்பார்கள் என்று நிவேதாவிடம் சொன்னேன்.

"அது உங்க காலம் ஆன்ட்டி" என்றாள்.

நான் போட்ட சட்டம்

சீட் சண்டை தாங்காமல் ஜூன் மாதமே ஒரு சட்டம் போட்டிருந்தேன். யாருடைய பொருள் சீட்டில் இருக்கிறதோ, அந்த சீட் அவர்களுடையது. மறுபேச்சு இல்லை. கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவளுக்குச் சட்டம் போடுவதில் ஒரு சுகம்.

நிவேதாவும் அவள் கூட்டமும் அந்தச் சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்கள். வள்ளியின் நிறுத்தம் வருவதற்குள் காலி சீட்டிலெல்லாம் பேக், லஞ்ச் பை, பேட்மின்டன் மட்டை. அவளுக்குப் பிறகு ஏறுகிறவர்களுக்கு பேக் நகரும்; அவளுக்கு மட்டும் நகராது. என் சீட்டின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் வருவாள். எனக்கு விஷயம் புரியவே ஒரு மாதம் பிடித்தது. புரிந்த பிறகும், போட்ட சட்டத்தை நானே எடுப்பதா என்று வீம்பு. அதனால் இருவரையும் கை குலுக்க வைத்தேன். குலுக்கினார்கள். உடனே நிவேதா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

டிரைவர் கோபால் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னார்: "யக்கா, ரூல்ஸ் போட்டது நீ, தொங்கினு வர்றது அந்தப் பொண்ணு. இன்னா நாயம் இது?"

அப்பாவின் ஃபோன்

புதன்கிழமை மாலை வள்ளியின் அப்பா கூப்பிட்டார். "மேடம், பொண்ணு தெனம் அழுதுகினு வருது. வெள்ளிக்கெழமையோட நிறுத்திக்கிறோம். மதுராந்தகத்துல மாமன் வூட்ல வுட்டு அங்கியே படிக்க வெச்சுக்கறேன்." நான் சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் வேனில் வள்ளியிடம் மெதுவாக, அதாவது எனக்கு மெதுவாக, கேட்டேன்: "உனக்குப் போக இஷ்டமா?" பின்சீட்டில் ஆறாம் வகுப்பு ரஃபியா பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுண்டைக்காய் அளவு பெண். எனக்கு அடுத்தபடி வேனில் முதலில் ஏறுகிறவள்.

"அங்க போனா அம்மாவ ஞாயித்துக்கெழமதான் பாக்க முடியும் ஆன்ட்டி" என்றாள் வள்ளி.

ஒற்றை ஷூ

வெள்ளிக்கிழமை ரஃபியா ஏறியதும் பையைக் கவிழ்த்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று நினைத்தேன். தேடவில்லை, சீட் சீட்டாகப் போய்ப் பொருள் வைத்துக்கொண்டிருந்தாள். டிபன், பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ், ஸ்கேல், டை, பெல்ட். பொருள் தீர்ந்ததும் இடது ஷூவைக் கழற்றி ஒரு சீட்டில் வைத்தாள். அதன் சாக்ஸ் இன்னொன்றில்.

அடுத்த நிறுத்தத்தில் நிவேதா கூட்டம் ஏறித் திகைத்து நின்றது. "ஆன்ட்டி, இது அநியாயம்!" சட்டம் சட்டம்தான் என்றேன். என் வாழ்நாளில் அதை அவ்வளவு ஆனந்தமாக நான் சொன்னதில்லை. கேளம்பாக்கம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு வந்தார்கள்.

வள்ளி ஏறினாள். "அக்கா, எல்லாம் உனக்குத்தான் பிடிச்சு வச்சேன். எது வேணும்?" என்றாள் ரஃபியா. அழவில்லை, அறிவுரை சொல்லவில்லை, என் சட்டத்தில் ஒரு புள்ளியைக்கூட மீறவில்லை அந்தப் பெண். வள்ளி ஜன்னலோரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகத் தொங்கி வந்தவள் பழி வாங்கினால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவளோ பக்கத்து சீட்டிலிருந்த ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நிவேதாக்கா, ஒக்காரு. வண்டி திரும்பும்போது வுழுந்துடப் போற."

திங்கட்கிழமை

சனிக்கிழமை அவள் அப்பா மறுபடி கூப்பிட்டார். "மேடம், மாமன் வூட்டுக்குப் போவமாட்டேன்னு ஒரே அடம். யாரோ ஒரு சின்னப் புள்ள ஷூவக் கழட்டி சீட் புடிச்சிதாமே, நெசமாவா?" நிஜம்தான் என்றேன்.

திங்களன்று சட்டத்தை ரத்து செய்தேன். வள்ளியும் ரஃபியாவும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு சிரித்தார்கள். நிவேதா பேக்கை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் வெளியே பார்த்தபடி இருந்தாள். அவளிடம் போய், "நாளைக்கு ஒரு நாள் வள்ளிக்கு நீ சீட் பிடிச்சு வையேன்மா" என்று எனக்குத் தெரிந்த பணிவையெல்லாம் திரட்டிக் கேட்டேன். கோவளம் திருப்பத்தில் கோபால் ஹாரன் அடிக்க, நிவேதா மடியிலிருந்த பேக்கை இறுக்கிக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.