நூற்றெட்டுத் தோப்புக்கரணமும் ஒரு நாற்காலியும்

அறுபதை எட்டிப் பார்க்கும் வயதில் பிள்ளையாரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட முட்டாள் நான். அவர் எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் உளறினேன்.

மகளும் வருங்கால மாப்பிள்ளையும் செங்காங் வட்டாரத்தில், அரசாங்கம் குலுக்கிப் போட்டு வரிசை எண் தரும் அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். இந்த ஊரில் ஜாதகம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக் குலுக்கல் பொருந்த வேண்டும். நல்ல எண் விழுந்தால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் என்று வேண்டிக்கொண்டேன். சிதறுகாய் என்று சொல்லியிருந்தால் தேங்காயோடு போயிருக்கும்.

எண் விழுந்தது. கோயிலுக்குப் போய்க் காதைப் பிடித்தேன். முதல் பாதி பக்தியில் போனது. அப்புறம் உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த உடம்போடு ஒருவர் பக்கத்தில் வந்து போட ஆரம்பித்தார். மீதியெல்லாம் அவரை முந்துவதற்காகப் போட்டது. தரை வரை உட்கார்ந்து, களைத்துவிட்டாரா என்று உடம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். வலது முழங்காலுக்குள் 'டொக்' என்றது. அவர் களைக்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்றே மாதம். மேடையில் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். கல்யாணங்களில் நாற்காலி கேட்கும் அப்பாக்களைப் பார்த்து, "தலைவர் வந்துட்டாரு, மைக்கைக் குடுங்க" என்று பல வருஷமாக நக்கல் அடித்தவன் நான். சொந்தபந்தம் மொத்தமும் என் முழங்காலுக்காகக் காத்திருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூட்டுக்குள் பிறை வடிவத்தில் ஒரு மெத்தை இருக்கிறதாம், மெனிஸ்கஸ் என்று பெயர். அது கிழிந்திருந்தது.

"கிழிஞ்ச துண்டை வெட்டி எடுத்துட்டா சீக்கிரம் நடக்கலாம். ஆனா வெட்டினது திரும்ப வளராது, பின்னாடி மூட்டு தேயும். உங்களுக்கு ஓரத்துல கிழிஞ்சிருக்கு, அங்க ரத்த ஓட்டம் உண்டு. தைச்சா ஒட்டிக்கும். ஆனா ஆறு வாரம் ஊன்றுகோல். நாலஞ்சு மாசம் சம்மணம் கூடாது" என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார்.

"வெட்டிடுங்க" என்றேன்.

"தைச்சிடுங்க" என்றாள் மனைவி.

டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தார். முழங்கால் யாருடையது என்பதில் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம்.

யோசிக்க நான் நொண்டிக்கொண்டே போன இடம் தேக்கா சந்தை. அங்கே துணிக்கடை வைத்திருக்கும் பாய் என் பழைய நண்பர். போகும் வழியில் மீன்கடைக்காரர் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். பூக்கடை அக்கா யாரோ கண்ணு வைத்துவிட்டதாகச் சொன்னார். கத்தியைப் பற்றி யாரும் பேசாததால் இருவரையும் எனக்குப் பிடித்துப்போனது.

பாய் தே தாரிக் என்கிற பால் டீயை ஆற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"சரி, வெட்டிக்கிட்டு கீழ உட்காருறீங்க. அப்புறம் எழுப்பிவிட கிரேன் கொண்டு வரணுமா லா?"

"பாய், மானம் போயிடும்."

"நான் மூணு வருஷமா நாற்காலியிலதான் உட்கார்ந்து தொழுறேன். அல்லா ஒண்ணும் கோவிச்சுக்கல. உங்க சொந்தக்காரங்க அவரை விடப் பெரிய ஆளா?"

பதிலுக்கு நான் வாயைத் திறக்க, பாய் அதில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார்.

தைத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்து, இரண்டு சின்னத் துளை வழியாகவே வேலையை முடித்தார்கள். நான் பட்ட வேதனைக்கு ஒரு முழத் தழும்பாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன். நலம் விசாரிக்க வந்தவர்களும் காலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு பலகாரத்தில் கவனம் செலுத்தினார்கள்.

கல்யாணத்தன்று மகள் மணையில் இருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில், ராஜா மாதிரி. எதிர்பார்த்தபடியே மச்சான் மைக்கோடு மேடையேறி, "தலைவர் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். மண்டபம் சிரித்தது. ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அவர்கள் யாரும் பொருட்டில்லை. தாரை வார்த்து முடிந்ததும் மகள் பக்கம் குனிந்து, "அப்பா உன்கூடக் கீழ உட்காரலன்னு வருத்தமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கேமராவை மறைக்கிறீங்கப்பா, பின்னால சாயுங்க."