மைக் படித்த ஆமைக் கதை

பேருந்து நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் மைக். நகரப் பேருந்தில் கண்டக்டர். பின்படியில் நின்றுகொண்டு நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், முன்சீட்டில் தூங்குகிறவர்கூட திடுக்கிட்டு எழுந்து பையைத் தேடுவார். அவரோடு பல வருடமாக ஒரே வண்டியில் ஓடிய டிரைவர், "நம்ம வண்டிக்கு ஹாரன் எதுக்கு? அதான் இவன் இருக்கானே" என்பார். மைக் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் குரல் பற்றி அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. மகள் நடந்து, ஓடி, வீட்டைத் தலைகீழாக்கத் தொடங்கிய சமயத்தில் மனைவிக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் போட்டார்கள். மகளைச் சாப்பிட வைத்துத் தூங்க வைக்கும் வேலை மைக்கின் தலையில் விழுந்தது. அவளை அவர் கூப்பிட்டது வாலு என்றுதான். வாலுவுக்குச் சாப்பாடு எப்படியோ உள்ளே போய்விட்டது. தூக்கம்தான் வரவில்லை. தாலாட்டு தெரியாத மைக், தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். குழந்தை எழுந்து நின்று ஆட ஆரம்பித்தது.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு வெளியே பழைய புத்தகக் கடையில் நின்றார். கடைக்காரர் ஒரு படப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"இது இல்லாத வீடே கிடையாதுங்க. நானே இதைக் கேட்டுத்தான் தூங்கினேன். எம்புள்ளைங்களும் அப்படித்தான்."

தன் தூக்கத்தைத் தொலைத்துவிட்ட ஓர் ஆமையின் கதை அது. தவளையிடம் போய்க் கேட்கும், ஆந்தையிடம் கேட்கும், சேற்றில் கிடக்கும் எருமையிடம் கேட்கும். யாரும் பார்க்கவில்லை. கடைசியில் சலித்துப்போய்த் தலையை ஓட்டுக்குள் இழுத்தால், தூக்கம் அங்கேதான் இருக்கும்.

மைக் எழுத்துக்கூட்டாத குறையாகத்தான் படித்தார். ஆனால் தவளைக்கு ஒரு குரல், ஆந்தைக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டார். எருமைக்கு அவருடைய சொந்தக் குரல், அதுவும் கூட்ட நேரத்துக் குரல். எருமை வாயைத் திறந்ததும் வாலு போர்வைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். பக்கத்து வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா தட்டுவார்.

"தம்பி, எங்க வீட்ல எல்லாரும் எந்திரிச்சிட்டோம். உங்க வீட்ல தூங்கியாச்சா?"

அடுத்தடுத்து வேறு புத்தகங்களும் வந்தன. மழைக்கு ஒதுங்கிய வாத்துக்குடும்பம், நிலாவுக்கு ஏணி வைத்த பூனை. எது வந்தாலும் கடைசியில் ஆமைதான் வேண்டும் வாலுவுக்கு. ஒரு வரியை விட்டுவிட்டால் கையைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்பச் சொல்லுவாள்.

குரல் கம்ம ஆரம்பித்தபோது மைக் அதைப் பொருட்படுத்தவில்லை. கத்துகிற தொண்டை, கம்மத்தான் செய்யும். டிரைவர் "மைக்குல கரகரப்பு, வயரைப் பாரு" என்று சிரித்தார். சிகரெட்டை வாலு பிறந்த அன்றே விட்டாயிற்று, இனி என்ன வரப்போகிறது என்று மைக் இருந்துவிட்டார். முதலில் கண்டுபிடித்தவள் வாலுதான்.

"அப்பா, எருமையும் தவளை மாதிரியே பேசுது."

மனைவி அப்போது இரண்டாவதாகக் கர்ப்பமாக இருந்தார். வயிற்றோடு அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. புற்று. குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான்.

"பேச்சு?" என்று கேட்டார் மனைவி.

"உயிரைக் காப்பாத்திடலாம்மா."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த மைக், அந்தக் கம்மிய குரலில் மனைவியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "புள்ள எப்படிடி தூங்கும்?"

யோசனை சொன்னவர் டிரைவர். "செல்போன்ல பதிஞ்சு வச்சிடு மாப்ள. புள்ளைக்கு இருக்கட்டும்." மைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆமைக் கதையை மனைவியின் செல்போனில் படித்தார். இருமல் நடுநடுவே வந்தது. எருமையின் இடத்தில் குரல் ஏறாமல் உடைந்தது. இன்னும் சில மாதம் முன்னால் செய்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. வேறு வழியில்லை, அதை அப்படியே வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வாலு ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றாள். கழுத்தில் கட்டியிருந்த துணிக்குப் பின்னால் மூச்சு உஸ் உஸ் என்று போய்வந்தது. அவள் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவர் பக்கத்தில் படுக்கவில்லை.

பேச ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச் விளக்கு அளவு. அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால், வண்டு ரீங்கரிப்பது போல ஒரு பேச்சு வரும். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. கொஞ்சுவதும் திட்டுவதும் அதில் ஒரே மாதிரி. பல வாரம் பழகியபின் ஒரு மாலை மைக் ஆமைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மகளிடம் போனார். முதல் வரி முடிவதற்குள் வாலு காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். "வேண்டாம், இது வேண்டாம்! போன் அப்பாதான் வேணும்!"

போன் அப்பா என்று அவள் சொன்னது அந்தப் பதிவை. வேலையை விட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த மனைவி, அவளைத் தூங்க வைக்க அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, செல்போனைக் கன்னத்தில் வைத்து, இருமலோடு சேர்த்து அந்தக் கதையைக் கேட்பாள். அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கும் கேட்பார். எழுந்து நடந்தால் மூச்சுச் சத்தம் கூடிக் கைக்குழந்தையை எழுப்பிவிடும் என்று அசையாமல் இருப்பார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவர் அந்தப் பதிவை அழித்தார்.

ஏன் செய்தார் என்று பிறகு மனைவி பலமுறை கேட்டார். தெரியவில்லை என்றே மைக் சொன்னார். அது முழு உண்மையல்ல. செத்துப்போனவனோடு போட்டி போட்டு ஒருநாளும் ஜெயிக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. அந்த ஆள் போய்விட்டால் மகள் தன்னிடம் வந்துவிடுவாள் என்று நம்பினார்.

சாயங்காலம் வாலு செல்போனைத் தடவித் தடவித் தேடினாள். மனைவியும் தேடினார். "யாரு அழிச்சது?"

மைக் கருவியைக் கழுத்தில் வைத்தார். "நான்தான்." பிறகு மகளைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா."

இரண்டும் ஒரே தொனியில் வந்தன. வாலு அழவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியில் இருந்த பழைய துணிகளுக்கு அடியில் திணித்துவிட்டு வந்து, யாரும் கதை சொல்லாமல் படுத்துக்கொண்டாள். அன்றோடு அவள் கதை கேட்பதை விட்டாள்.

கண்டக்டர் வேலை போயிற்று. பணிமனையில் பயணிகள் மறந்துவிட்டுப்போன பொருட்கள் இருக்கும் அறையில் அவரை உட்கார வைத்தார்கள். குடை, சாப்பாட்டுப் பாத்திரம், ஒற்றைச் செருப்பு. தேடி வருகிறவர்கள் அவர் பேசியதும் ஒரு அடி பின்னால் போவார்கள். மைக் என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், டிரைவரைத் தவிர. அதற்காகவே மைக் அவரைப் பார்க்கக் காத்திருப்பார்.

மகன் வளர்ந்தான். அவன் பிறந்ததிலிருந்து கேட்டது அந்த வண்டுக் குரலைத்தான். அவனுக்கு அதுதான் அப்பா. அவனே துணிகளுக்கடியிலிருந்து அந்தப் புத்தகத்தை இழுத்துக்கொண்டு வந்தான். தவளை, ஆந்தை, எருமை எல்லாம் ஒரே குரலில் பேசின. அவன் அதில் குறை கண்டதில்லை. விளையாட்டில் தன் பொம்மைக்குப் படித்துக் காட்டும்போது சீப்பை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்றான். மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாலர் பள்ளியில், பெற்றோர் வந்து குழந்தைகளுக்குக் கதை படிக்கலாம் என்றார்கள். மகன் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டான். மைக் எவ்வளவோ மறுத்தார். பையன் விடவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. அவர் கருவியை வைத்து ஆரம்பித்ததும் ஒரு பெண்குழந்தை விம்மியது. இன்னொன்று அதைப் பார்த்து அழுதது. ஒரு பையன் சிரித்தான், அவனைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். ஆசிரியை அருகில் வந்து மெதுவாக, "போதும் அண்ணே, பயப்படுறாங்க" என்றார்.

"ஆமைக்கு இன்னும் தூக்கம் கிடைக்கல டீச்சர்" என்றான் மகன்.

ஆசிரியை மற்றவர்களை வெளியே விளையாட அழைத்துப் போனார். காலியான பாயில் மகன் மட்டும் இருந்தான். மைக் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

வீட்டில் மகன் இதைப் பெருமையாகச் சொன்னான். "எல்லாரும் ஓடிட்டாங்க, அப்பா எனக்கு மட்டும் படிச்சாரு!" வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த வாலுவுக்கு அப்போது ஒன்பது வயது. "நீ ஏன்டா அவரைக் கூட்டிட்டுப் போன?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தன்மேல் கோபமா, அந்தக் குழந்தைகள்மேல் கோபமா என்று மைக்குக்குப் புரியவில்லை.

சில நாள் கழித்து, தம்பியைக் கூப்பிடப் போன இடத்தில் அவள் ஒரு பையனைத் தள்ளிவிட்டாள். அவன் முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. ஆசிரியை மனைவியை வரவழைத்துப் புகார் சொன்னார். வீட்டில் மனைவி அவளைப் பிடித்து உலுக்கினார். "சின்னப் பையன்டி அவன்! ஏன் தள்ளின?"

தம்பிதான் சொன்னான். "அவன் நம்ம அப்பா மாதிரி ஸ்ஸ்ஸுன்னு பேசிக் காட்டினான்மா."

மைக் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை தானாகச் சட்டைப் பையில் இருந்த கருவிக்குப் போயிற்று. வாலு அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. அவன் என்னை முறைச்சான்" என்றாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் தம்பியின் பையைத் திறந்து, பாதி தின்று வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக் கழுவப் போனாள்.