தலைவி விலக்கு

“தலைவி விலக்கு எல்லாம் எறங்கு!” என்று கண்டக்டர் முதன்முதலாகக் கத்திய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் வேலை முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி மாறி, வத்திராயிருப்பு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை எங்கள் பக்கம் விலக்கு என்போம். எந்தத் தலைவி என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. தலைவி என்றால் மகளிர் குழுத் தலைவி, அதாவது என் அண்ணன் மனைவி, என் மதினி. அன்றிலிருந்து என் சொந்த ஊரில் இறங்க நான் மதினியின் பட்டத்தைச் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆன பிறகும் எந்த ஸ்டாப் என்று கேட்காமலா விடுகிறார்கள்?

எரியாமல் என்ன செய்யும்? அங்கே பஸ் நிற்க வேண்டும் என்று முதலில் கேட்டவள் நான். அதற்கு முன் எந்த வண்டியும் எங்கள் விலக்கில் நிற்காது. கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, மில்லுக்குப் போய்வருகிற பெண்களோடு ரோட்டோரமாகவே நடந்து வருவேன். மழைக்காலத்தில் லாரி தெறித்துவிட்டுப் போகும் சேற்றோடுதான் வீட்டுக்குள் நுழைவோம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் லீவு போட்டுவிட்டுப் போய் மனுவோடு வரிசையில் நின்றேன். ஊரில் நாலு எழுத்துப் படித்து வெளியே வேலைக்குப் போகிறவள் நான்தான், இந்த ஊருக்கு ஒரு நல்லது நடந்தால் அது என் கையால்தான் நடக்கும் என்று மனதுக்குள் ஒரு கிரீடமே வைத்திருந்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இருந்தது, இருந்துகொண்டே இருந்தது.

மதினி எங்கேயும் போகவில்லை. அம்மன் பொங்கலில் முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்க நாங்கள் மெயின் ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்றைக்கு மட்டும் எந்த பஸ்ஸானாலும் நின்றுதான் ஆக வேண்டும். அந்த வருஷம் முளைப்பாரி ரோட்டைக் கடக்கும்போது மதினி மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து, நின்ற பஸ்ஸின் டிரைவரிடம் போனார். கையில் வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல். “சாமிக்கு நின்னீக, சந்தோசம். பொழுதடைஞ்சு வேலை முடிஞ்சு வாற பொம்பளப் பிள்ளைகளுக்கும் செத்த நேரம் நிக்கப்பிடாதா?” என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரமே அந்த டிரைவர் கைகாட்டினால் நிறுத்த ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். என் மனுவைத் தின்றது கரையான், இவர் பொங்கலைத் தின்றது டிரைவர்!

ஆனாலும் முறையான நிறுத்தம் என்று ஆக வேண்டுமே. உண்மையிலேயே ஆட்கள் ஏறுகிறார்களா என்று பார்க்க போக்குவரத்து அதிகாரி ஒருவர் காலையில் வருவதாகத் தகவல் வந்தது. மதினி வீடு வீடாகச் சொல்லிவிட்டார். பெரிய மனிதர் ஊருக்கு வருகிறார் என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேறென்ன தோன்றும்? அம்புட்டுப் பேரும் பீரோவைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலை கொள்ளாத மல்லிகைப்பூவோடு வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் சந்தனக் கும்பா வேறு. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்தார். “யார் வீட்டுக் கல்யாணம்?” என்றார். பிறகு சாப்பாட்டுத் தூக்கோடு ஓரமாக நின்ற என்னைக் காட்டி, “தினமும் போறவங்க மாதிரி இந்த அம்மா ஒருத்தர்தான் இருக்காங்க. ஒருத்தருக்காக பஸ்ஸை நிறுத்த முடியுமா?” என்றார்.

தொலைந்தது, மதினியின் கெட்டிக்காரத்தனம் இத்தோடு சரி என்று எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. பஸ் நிற்காமல் போனால் நானும்தான் நடக்க வேண்டும் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. மதினியோ வாய்விட்டுச் சிரித்தார். “ஐயா வாறீகளேன்னு சிங்காரிச்சுட்டாளுக. நாளைக்குச் சொல்லாம வாங்க. அழுக்குச் சேலையும் பழைய சோறுமா அடிச்சுப் பிடிச்சு ஏறுவாளுக, பாருங்க” என்றார். அந்த மனிதரும் சிரித்துவிட்டார். மறுநாள் வந்தார், பார்த்தார். கொஞ்ச நாளில் நிறுத்தத்துக்குக் கம்பமும் வந்தது. கண்டக்டர்கள் தாங்களாகவே பேரும் வைத்துவிட்டார்கள்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில், ஊருக்குப் போக்குவரத்து வசதி கொண்டுவந்த உள்ளூர்த் தலைவர்களைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். மதினி மேடையில். நான் மூன்றாவது வரிசையில், மடியில் அவர் கைப்பையை வைத்துக்கொண்டு. மேடையில் பேசியவர் “தனி ஒரு பெண்மணியாக” என்றபோது நாற்காலியை விட்டு எழுந்து கத்தலாமா என்றிருந்தது. கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கிற அளவுக்குத் தட்டினேன், பக்கத்திலிருப்பவர்கள் பார்க்கிறார்களே!

திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்தோம். மதினி ஜன்னல் பக்கம். அவர் அந்த பஸ்ஸில் போவது அன்றுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் எங்கே போனாலும் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவார், அல்லது கூட்டியே போக மாட்டார். செத்த நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் திரும்பாமலே சொன்னார்: “ஸ்டாப்பு வாங்கி என்ன செய்ய? ஏறிப் போறதுக்கு எனக்கு ஒரு எடம் இல்லையே. நீ தெனமும் காலையில ஏறிப் போறதப் பாத்தா எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கும் தெரியுமாட்டி?”

மனுக் கொடுத்ததில்தான் முந்தினேன், பேர் வாங்கியதில் அவர் முந்தினார். இத்தனை காலம் நான் சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்த சொல்லையும் அவரே முந்திக்கொண்டு, பூக்கடையில் விலை கேட்கிற மாதிரி, எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்!

“எனக்கும்தான் மதினி” என்றேன்.

“அது தெரியும் தாயி” என்றார். “நீ கைதட்டுனதப் பாத்தேன்ல.”

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் சிரித்தோம். அதன் பிறகு, யார் வீட்டிலாவது யாராவது அவரைத் தலைவி என்று புகழ்ந்தால், கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிப் பார்ப்பார். எரிகிறதா என்று கண்ணால் கேட்பார். எரிகிறது என்று நான் தலையாட்டுவேன்.

மதினி போன தை மாதம் காலமாகிவிட்டார். பொறாமை போகவில்லை. இன்று காலையிலும் புதுக் கண்டக்டர் ஒருவர் அந்தப் பேரைச் சொன்னபோது அதே மாதிரிதான் எரிந்தது. எரிகிறதா என்று கண்ணால் கேட்கத்தான் ஆளில்லை.