நாற்காலி எடுத்த இடம்

மாலை ரயிலில் யாராவது நெற்றியில் தைலம் தேய்த்தால் நான் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறேன். வீடிருக்கும் சுவா சூ காங் வரை நின்றுகொண்டே போக நேர்ந்தாலும் சரி. அந்தக் குளிர்ந்த காரம் மூக்கில் ஏறியதும், சிராங்கூன் சாலைக் கடைவாசலில் கைப்பேசியோடு நின்ற என் குரல் எனக்கே கேட்கிறது. இனிமையான குரல். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் இனித்துவிடும்.

திருச்சியிலிருந்து அண்ணனும் அண்ணியும் மூன்று நாளைக்கு வந்திருந்தார்கள். கட்டிலும் சக்கர நாற்காலியுமாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். நான்கு வருடமாக இருவரும் சேர்ந்து ஓர் ஊருக்குப் போனதில்லை. அண்ணியின் தங்கை வந்து அம்மாவுடன் இருக்கிறேன் என்று சொல்ல, புதன்கிழமை டிக்கெட் போட்டு வெள்ளிக்கிழமை வந்து இறங்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு. அண்ணன் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "நம்மூர்த் தில்லை நகர்ல சாப்பிட்ட மாதிரியே இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகத் தொலைபேசியில் நான் அளந்த சிங்கப்பூர் இதுவா? உயரம், கடல், வெளிச்சம், அதெல்லாம் எங்கே? மறுநாள் காலை அவர்களுக்கு விமானம். அன்று மாலைக்குள் எனக்கொரு ஜன்னலோர மேஜை வேண்டும்.

அம்மா கேட்டிருந்தது ஒரே ஒரு பொருள், முழங்காலுக்குத் தைலம். அதை வாங்க அவர்கள் கடைக்குள் போனார்கள். நான் வாசலில் நின்று உணவகம் உணவகமாக அழைத்தேன். எல்லா இடமும் நிறைந்திருந்தது. அடுத்த மாதம் வருகிறீர்களா என்றார்கள் ஓரிடத்தில். இன்னோர் இடத்தில், இன்றைக்கா என்று சிரித்தேவிட்டார்கள். ஆறாவதோ ஏழாவதோ அழைப்பில், என் பெயரைக் கேட்டதும் போனை எடுத்த பெண் இந்த ஊர் 'லா' ஒட்டிய தமிழுக்கு மாறினாள்.

"சாரிக்கா, இன்னிக்கு சான்ஸே இல்ல லா. வெய்ட்டிங் லிஸ்டே நீளமா இருக்கு."

கடைக்குள்ளிருந்து தைல வாசனை வந்தது. அண்ணன் ஒரு புட்டியைத் திறந்து அண்ணியின் புறங்கையில் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனைதான் எடுத்துக்கொடுத்ததோ என்னவோ.

"எங்கம்மா வந்திருக்காங்கம்மா" என்றேன். "வீல்சேர்ல. முதல் தடவையா சிங்கப்பூர் பாக்குறாங்க. நாளைக்குக் கெளம்பிடுவாங்க. இன்னொரு தடவை வர முடியுமான்னு தெரியல."

"லைன்ல இருங்கக்கா, மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்." திரும்பி வந்தவளின் குரலில் அவசரமான சந்தோஷம். "ஏழு மணிக்கு வாங்க. ஜன்னல் பக்கம். அம்மாவோட வீல்சேர் நிக்க ஒரு சேரை எடுத்துடுறோம்."

வெட்கம் அப்போது வரவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜெயித்த மாதிரி இருந்தது.

"எடம் கெடச்சிருச்சு" என்றேன் உள்ளே போய்.

"அடேங்கப்பா, மந்திரி வீட்லேருந்து சொல்லிவிட்டியா?" என்றார் அண்ணி.

"பின்ன, இருபது வருஷமா இந்த ஊர்ல சும்மாவா இருக்கா?" என்றார் அண்ணன். அவர் குரலில் பெருமை இருந்தது. அதை நான் ஆசையோடு வாங்கிக்கொண்டேன்.

துறைமுகத்தையொட்டிய தஞ்சோங் பகாரில் ஓர் உயரக் கட்டடத்தின் உச்சி. லிஃப்ட் திறந்ததும் போனில் பேசிய அந்தப் பெண் நின்றிருந்தாள். உணவக வாசலின் ஒற்றைப் படியில் ஒரு சாய்பலகை போட்டுவைத்திருந்தாள். எங்கள் மூவரையும் தாண்டி லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்கக்கா? கீழ ஹெல்ப் வேணுமா? நான் போறேன்."

"எந்த அம்மா?" என்றார் அண்ணன்.

நான் முந்திக்கொண்டேன். "அம்மாவுக்கு அசதியாயிருச்சும்மா. ரூம்லயே படுத்துட்டாங்க."

அண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை. சாய்பலகையைப் பார்த்தேன். அதன் மேல் ஏறித்தான் உள்ளே போனோம், மூன்று ஜோடி நல்ல கால்கள்.

நான்கு பேர் மேஜை. மூன்று நாற்காலி. துறைமுகம் முழுதும் தெரிகிற பக்கத்தில்தான் நாற்காலியை எடுத்திருந்தார்கள். கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின, யாருமில்லாத அந்த இடத்துக்கு நேர் எதிரே. அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்திருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மா வீல்சேரோட இங்க வந்தா ரொம்பச் சிரமம், எங்கயும் போக முடியாதுன்னு சொன்னியே."

சொல்லியிருந்தேன். அம்மா நடமாடிய காலத்தில், ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன் என்று அவர் கேட்டபோது என் மகனுக்குப் பரீட்சை என்றேன். அடுத்த வருடம் வீடு சின்னது என்றேன். அம்மா கீழே விழுந்த பிறகு சக்கர நாற்காலி வசதியாகப் போயிற்று, எனக்கு. ஒவ்வொரு நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிற ஊர் இது. கால் வலித்தால் நானே அதில்தான் ஏறுகிறேன். அம்மாவைக் குளிப்பாட்ட எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம். விஷயம் அவ்வளவுதான். ஊரின் மேல் பழியைப் போட்டேன். அந்த ஊரோ, ஒரு வாக்கியம் சொன்னதும் நாற்காலியை எடுத்து வழி விட்டுவிட்டது.

"ஆறிப்போகுது, சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்றார் அண்ணி.

கிளம்பும்போது அந்தப் பெண் மூடியிட்ட டப்பா ஒன்றோடு ஓடி வந்தாள். "பூசணிக்கா சூப்புக்கா. மெல்லவே வேணாம். சூடு பண்ணி அம்மாவுக்குக் குடுங்க."

நான் கை நீட்டவில்லை. அண்ணன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ரயிலில் அது அவர் மடியிலேயே இருந்தது.

விடிந்ததும் அவரே அதைச் சூடு செய்து மூன்று தம்ளர்களில் ஊற்றினார். "அம்மாவுக்குன்னு குடுத்தது. கொட்டக் கூடாது." குடித்தோம். வயதானவர்களுக்கென்று உப்பைக் குறைத்துப் போட்டிருந்தார்கள்.

விமான நிலையத்தில், உள்ளே போகும் வரிசை தொடங்கும் இடத்தில் அண்ணன் நின்றார். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு முன்னால் நடந்தார்.

"அம்மா கேக்கும்" என்றார் அண்ணன். "கடைசி நாள் எங்க சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு."

"நல்ல எடம்னு சொல்லுங்கண்ணே."

"நான் சொல்ல மாட்டேன். நீயே போன் பண்ணிச் சொல்லு. அம்மாவுக்காக ஒரு சேரை எடுத்து வெச்சிருந்தாங்கன்னு, அதையும் சேத்துச் சொல்லு."