தொண்ணூற்றாறு முட்டையும் கார் பெட்டரியும்

சர்மிளாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பதினாறு வருடமாக எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரி. அவளுடையது ஏழு, என்னுடையது எட்டு. நடுவில் இருக்கும் சுவர் பேருக்குத்தான் சுவர். அவள் தன் புருஷன் ஜீவராஜோடு போனில் பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும். கொழும்பில் சமையல் வேலையில் இருக்கும் அந்த மனிதர் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை இவளுடையதாகத்தான் இருக்கும். நான் செல்லசாமி. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மோட்டார்களைப் பார்க்கிறவன். கரண்ட் விஷயத்தில் லயத்தில் என்னைக் கேட்காமல் ஒருவரும் ஒரு பல்பைக்கூட மாட்டமாட்டார்கள். சர்மிளா மட்டும் கேட்பாள், கேட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்வாள்.

இருபத்திரண்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அது போதாதென்று குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தாள். பலகைப் பெட்டி, உள்ளே சூடு தரும் பல்பு, சின்னக் காற்றாடி, சூட்டைப் பார்த்து அணைத்து ஏற்றும் கருவி. கருவியை மாட்டியது நான், அதைச் சொல்லாமல் விட முடியாது. லயத்துப் பத்துக் காம்பராக்காரர்களும் முட்டை கொடுப்பார்கள். யாருடைய முட்டை என்று பென்சிலால் எழுதிக்கொள்வாள். பொரித்ததில் பாதிக் குஞ்சு முட்டைக்காரருக்கு, பாதி இவளுக்கு.

ஏற்பாடு நல்லதுதான், கரண்ட் ஒழுங்காக இருந்திருந்தால். தலவாக்கலையில் ஆற்றை மறித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். அணையைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். ஆனாலும் மலைக்காற்றில் ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் எங்களுக்கு இருட்டுத்தான். இரண்டு தடவை முட்டை முழுவதும் கெட்டுப்போனது. இரண்டாவது தடவை நாற்றத்தில் என் வீட்டில் ஒரு நாள் யாரும் சாப்பிடவில்லை. நாலாம் காம்பராக் காளியாயி, வாயாடி, எல்லாருக்கும் கேட்க முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் கெட்டுச்சுன்னா அந்தப் பொட்டிய வெறகுக்குப் போட்டுரு புள்ள. அடைகாக்க எங்க கோழிக்கே தெரியும். இனி யாரும் உனக்கு முட்டை தரமாட்டாங்க."

சர்மிளா பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

செய்தாள். சோலர் போடப்போகிறேன் என்று கணக்கு எழுதிய ஒரு கொப்பியோடு வந்து நின்றாள். ஓடி முடித்த மின்சாரக் கார்களின் பெட்டரியைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்கிறார்களாம். காரை இழுக்கச் சக்தி போதாவிட்டாலும் வீட்டுக்குப் போதுமாம். போனில் பார்த்திருக்கிறாள். குஞ்சுக்குக் கார் ஓட்டப் பழக்கப்போகிறாயா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. கொப்பியை என் மடியில் போட்டாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தக் கொப்பியைப் பார்த்து நான் அசந்துபோனேன். எந்த நம்பர் தேயிலை மலையில் எத்தனை மணிக்கு வெயில் ஏறுகிறது, எப்போது மூட்டம் வந்து உட்காருகிறது என்று ஒரு மாதத்துக்குக் குறித்திருந்தாள். கொழுந்து எடுத்துக்கொண்டே கவனித்தாளாம். எங்கள் பக்கம் பன்னிரண்டு மணிக்குமேல் சூரியனை நம்ப முடியாது, அதனால் சோலர்த் தட்டு இரண்டும் கிழக்கைப் பார்த்து நிற்க வேண்டும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். கூரை தோட்டத்துடையது, பத்து வீட்டுக்கும் பொது. அதில் ஆணி அடித்தால் தோட்டத்தை நடத்தும் துரை வரைக்கும் புகார் போகும். ஆகவே கோழிக்கூட்டுக்கு மேலே இரும்புச் சட்டம். பெட்டரி வீட்டுக்குள் வேண்டாம், நெருப்புப் பிடித்தால் லயமே போய்விடும், வெளியே சீமெந்துத் திட்டில் தகரப்பெட்டிக்குள் வை என்றேன். அதை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்டாள்.

ஹட்டனுக்கு இரண்டு பேரும் போனோம். ஒரு சந்துக்குள் இருந்த கடையில் பெட்டரித் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் சிங்களத்தில் "நங்கி, நங்கி" என்று தங்கச்சி முறை வைத்து அன்பாகத்தான் பேசினார். மீட்டரை வைத்துப் பார்த்து எட்டுத் துண்டைப் பொறுக்கினார். வெயிலே இல்லாவிட்டாலும் இந்த எட்டும் உங்கள் பெட்டியை முப்பது மணித்தியாலம் ஓட்டும் என்றார். ஒரு பல்பை மாட்டி நிஜமாகவே எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்து வாங்கலாம் என்றேன். அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும் என்றார் அவர். நாலு மணிக்குப் பஸ் என்றாள் இவள். முட்டை சேர்த்து ஐந்து நாளாகிவிட்டது, இனியும் வைத்திருந்தால் பொரிக்காது என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன் பெட்டரி, உன் முட்டை, எப்படியோ போ என்று சொல்லிவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கொப்பியைப் பார்த்தால் முப்பத்தாறு மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறாள். அவர் முப்பது என்றுதானே சொன்னார் என்று கேட்டேன்.

"அண்ணே, இருவத்திரெண்டு வருசமா தராசுக்கு முன்னால நிக்கிறேன். பதினஞ்சு கிலோன்னு சொன்னா கொழுந்து பதினேழு இருக்கும். ஈரத்துக்கு ஒன்னு, சாக்குக்கு ஒன்னு கழிச்சிட்டுத்தான் சொல்லுவாங்க. அளக்குற மனுசன் என்னைக்கு முழுசாச் சொல்லியிருக்கான்?"

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தானே.

தொண்ணூற்றாறு முட்டை பெட்டிக்குள் போயின. அதில் பன்னிரண்டு என் கோழியுடையது. கரண்ட் இருக்கும்வரை பெட்டி அதில் ஓடும், வெயில் பெட்டரியை நிரப்பி வைக்கும். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்கு. காளியாயி வந்து கோழிக்கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கார் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினேழாம் நாள், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனது. காலையிலிருந்தே மூட்டம், தட்டில் வெயில் படவே இல்லை. நான் பதறிப்போய் எட்டிப்பார்த்தேன். முப்பத்தாறு மணித்தியாலம் இருக்குண்ணே, போய்ச் சோத்தத் தின்னுங்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டிக்குள் பல்பு அணைந்தது. பதினெட்டே மணித்தியாலம். வயரை இழுத்துப் பார்த்தேன், பலகையைத் தட்டிப் பார்த்தேன். பெட்டரியில் ஒன்றுமில்லை. வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். கம்பி வேலைக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சர்மிளா தகரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கழிச்சுச் சொல்லலண்ணே," என்றாள். "கூட்டிச் சொல்லியிருக்காரு."

கடைக்காரர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவள் மேலும் வந்தது. எல்லாவற்றையும்விடப் பிளேன்டீ குடிக்கப் போன என் மேல்தான் அதிகம் வந்தது. தோட்டத்தில் அளக்கிறவன் வாங்குகிறவன், அதனால் குறைப்பான். கடையில் அளக்கிறவன் விற்கிறவன். இந்தச் சின்ன விஷயம் கழுதை வயதான எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

நானாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பேன். அவள் நேராக நாலாம் காம்பராவுக்குப் போனாள். பெட்டரி தீர்ந்துபோனதையும் தன் கணக்குப் பிழைத்ததையும் காளியாயியிடமே சொல்லி, முட்டைக்குச் சூடு வேண்டும் என்று கேட்டாள். காளியாயி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே அடுப்பில் தண்ணீர்க் கேத்தலை வைத்தாள்.

அதற்குப் பிறகு லயமே ஒரு கோழியாக மாறி அடைகாத்தது. சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பிப் பெட்டிக்குள் வைப்பது, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுவது. முதலாம் காம்பராவிலிருந்து பத்தாம் காம்பரா வரை முறை வைத்துக்கொண்டார்கள். நான் சூடு பார்க்கும் கண்ணாடிக்குழாயோடு உட்கார்ந்து, கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று கத்திக்கொண்டிருந்தேன். என் சத்தத்திலேயே முட்டை பொரித்துவிடும் என்று கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறி பத்து வீட்டிலும் வேகவில்லை, அடுப்பு முழுக்க முட்டைக்குத் தண்ணீர். பின்னேரம் ஆறு மணிக்குக் கரண்ட் வந்தபோது சர்மிளா சுவரில் சாய்ந்து அழுதாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இருபத்தோராம் நாள் அறுபத்தொரு குஞ்சு. ஓட்டில்தான் பேர் எழுதியிருந்தது, குஞ்சில் பேர் இல்லை. யாருடைய குஞ்சு எது என்று ஒரு காலை முழுக்க வழக்கு. கடைசியில் உடைந்த ஓடுகளை எண்ணிப் பிரித்தோம்.

அடுத்த வாரம், நான் அன்று கடையில் கேட்ட சோதனையை வீட்டிலேயே செய்தோம். பெட்டரியை நிரப்பி, தட்டைக் கழற்றிவிட்டு, பெட்டியை ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் பதினெட்டு. தகரப்பெட்டியில் பெயின்டால் எழுதப்போனாள். இருபதென்று எழுது, பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றேன். எழுதாதே, பதினைந்தென்று சொல், பிறகு பேச்சு வாங்க வேண்டியதில்லை என்றது இன்னொரு வீடு. பெரிதாகப் பதினெட்டு என்று எழுதிவிட்டு, லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க எல்லாரும் நின்ற நேரம் பார்த்துச் சொன்னாள்.

"பதினெட்டு மணித்தியாலம். அதுக்கு மேல கரண்ட் வரலேன்னா உங்க அடுப்புதான் பாக்கணும். விருப்பம்னா முட்டை தாங்க."

இவளுக்குப் பிழைக்கவே தெரியாது என்று நினைத்தேன். வாளி நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

காளியாயிதான் கேட்டாள். "கழிச்சது போகப் பதினெட்டா?"

"கழிக்கவும் இல்ல, கூட்டவும் இல்லக்கா. உள்ளது பதினெட்டு."

காளியாயி வாளியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். போன தடவை பத்து முட்டை கொடுத்தவள், இந்தத் தடவை முந்தானை நிறைய ஏந்திக்கொண்டு வந்தாள். சர்மிளா வாங்கக் கையை நீட்டினாள்.

"சும்மா வாங்காத. பதினாறு இருக்கு, எண்ணி வாங்கு."

சர்மிளா ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக எண்ணினாள். நாங்கள் எல்லாரும் நின்று கேட்டோம். பதினாறு இருந்தது.